ஒரே தேதி

சர்வர் ஒரு வருடமாக அட்டைப்பெட்டியில் இருந்தது. மதியம் அதன் மேல்தான் சாப்பாட்டு டப்பாவை வைப்பேன்.

காலை ஒன்பது பத்துக்குப் பழைய கொதிகலன் கூடத்தின் அடியில் ஒரு சுவர் சரிந்தது. ஒன்பதரைக்கு ஆலை மேலாளர் கணினிப் பிரிவில் என் அறைக்கு வந்தார். அதற்கு முன் அவர் அங்கே வந்ததில்லை.

"அந்தத் தேடுற மெஷின் எங்க?"

பெட்டியைக் காட்டினேன்.

"ஓட்டு."

"மூணு நாள் ஆகும் சார்."

"மூணரை மணி வரைக்கும்தான் நேரம். உள்ள ரெண்டு பேர் மாட்டிக்கிட்டாங்க, தண்ணி ஏறிக்கிட்டே வருது. ஒருத்தர் வெல்டர், குள்ளமா இருப்பாரே அவரு." அவர் என்னைப் பார்க்கவில்லை. "இன்னொருத்தன் உன் மச்சினன்."

என் மனைவியின் தம்பி. குழாய் ஃபிட்டர். ஆறடி மூன்று அங்குலம். ஆலையில் அவன் பெயர் நெட்டை.

கூடத்தின் அடியில் குழாய்கள் போகும் பாதை ஒன்று இருக்கிறது. கசிந்த இணைப்பைச் சரிசெய்ய இருவரும் இறங்கியிருக்கிறார்கள். சுவர் சரிந்து, வந்த வழி அடைபட்டது. பெரிய தண்ணீர்க் குழாயும் உடைந்தது. அதை மூடும் வால்வு சரிந்த மண்ணுக்குள் இருந்தது. இருட்டில் தடவிக்கொண்டே போனவர்களுக்குச் சுவரில் இரும்புப் படிகள் தட்டுப்பட்டன. ஏறிப் பார்த்தால் மேலே மூடி. படிகளின் அடியில், நெஞ்சு உயரத்தில், சுவரில் ஒரு பழைய தொலைபேசி. அது வேலை செய்தது.

மீட்புப் படைத் தலைவர் குட்டையான மனிதர். தேவைக்கு மேல் பேசாதவர்.

"அந்த மூடிக்கு மேல ரெண்டு தடவ கான்கிரீட் போட்டிருக்கீங்க. எந்த இடம்னு சொல்லுங்க, வெட்டுறோம். வெட்டுற மெஷின் ஒண்ணுதான் இருக்கு. ஒரு துளைக்கு ஒன்றரை மணி நேரம்."

"தட்டிப் பாக்கச் சொன்னா?" என்று கேட்டேன்.

"தட்டினாங்க. குழாய் எல்லாம் சேந்து சத்தம் போடுது. கூடம் முழுக்கக் கேக்குது."

கூடம் நூற்றிருபது அடி நீளம். தளம் போட்டவர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள், அல்லது செத்துவிட்டார்கள். வரைபடம் இருந்தது. எங்கே என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. காகித வரைபடங்களை எல்லாம் கணினியில் ஏற்றிய பிறகு கூழாக்கிவிட்டோம். எங்களுடையது காகித ஆலை.

கோப்புகளைச் சேமிக்கும் ஸ்டோரேஜ் பெட்டிகள் பதினான்கு. துறைக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனி பாஸ்வேர்டு, தனி வழக்கம். மொத்தம் மூன்று கோடி கோப்புகள். ஒரு துறையில் என்ன இருக்கிறது என்பது இன்னொரு துறைக்குத் தெரியாது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பட்டியலிட்டு, ஒரே இடத்திலிருந்து தேட வைப்பதுதான் அட்டைப்பெட்டியில் இருந்த சர்வரின் வேலை. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். தள்ளியதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை.

பெட்டியைக் கத்தியால் கிழித்தேன். சர்வரை ரேக்கில் ஏற்ற நேரமில்லை. தரையிலேயே வைத்து இணைத்தேன்.

பத்து மணிக்கு அது எழுந்தது. மென்பொருளை ஏற்றினேன். எல்லா ஸ்டோரேஜையும் படிக்க மட்டும் உரிமையுள்ள ஒரு கணக்கை உருவாக்கினேன். பதினான்கு துறைகளும் அந்தக் கணக்கை உள்ளே விட வேண்டும். போன் போட்டேன். பதின்மூன்று பேர் உடனே விட்டார்கள். தரக் கட்டுப்பாட்டில் பாஸ்வேர்டு வைத்திருந்தவர் விடுப்பில் இருந்தார்.

"எதுக்கு என் ஃபைல நோண்டணும்?" என்றார்.

"ரெண்டு பேர் உள்ள இருக்காங்க."

"எந்த ஃபைலுக்குள்ள?"

விளக்கினேன். அவர் பாஸ்வேர்டைச் சொன்னார். அது என்னைப் பற்றிய ஒரு கெட்ட வார்த்தை. இரண்டு தடவை எழுத்துக் கூட்டிச் சொல்லும்போது அவர் குரல் உடைந்திருந்தது.

கோப்புகளின் உள்ளடக்கத்தையும் படிக்கச் சொன்னால் நாட்கணக்கில் ஆகும். பெயர், இடம், அளவு, தேதி மட்டும் போதும் என்று குறித்தேன். போட்டோக்களை விலக்கினேன். மின்னஞ்சல்களை விலக்கினேன். தொடங்கு என்பதை அழுத்தினேன். திரையில் எண் ஓடியது. பத்தாயிரம். நாற்பதாயிரம்.

தொலைபேசிப் பிரிவுக்காரர் கீழே இருந்த இணைப்பை என் மேசைக்குத் திருப்பிவிட்டார்.

"மச்சான்?"

"டேய் நெட்டை. எப்படிடா இருக்க?"

"தண்ணி முட்டிக்கு வந்துடுச்சி. எனக்கு முட்டி. இவருக்குத் தொடை." பின்னால் தண்ணீர் விழும் சத்தம். "மேல என்ன பண்றீங்க?"

"வரைபடம் தேடறேன்."

"உங்க சர்வரா? அது பெட்டிய விட்டு வெளிய வந்துடுச்சா? அப்ப நெலம கொஞ்சம் மோசம்தான்."

"வாய மூடுடா."

"இதோட வேகம் தெரிஞ்சிருந்தா நீச்சல் கத்துக்கிட்டு வந்திருப்பேன் மச்சான்."

வெல்டர் ஏதோ சொன்னார். நெட்டை சிரித்தான்.

"அவருக்குக் கண்ணாடி வேணுமாம். வீட்லயே வெச்சிட்டு வந்துட்டாராம். இந்த இருட்டுல கண்ணாடி போட்டு எத வெல்டு பண்ணப் போறீரு ஐயா?"

வெல்டரின் மனைவி அந்தக் கண்ணாடியோடு பத்து மணியிலிருந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். கொடுத்துவிட்டுப் போக வந்தவர். வந்த பிறகுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது.

மனைவி அழைத்தாள்.

"அவன்கிட்ட பேசினீங்களா?"

"பேசினேன். கிண்டல் பண்றான்."

"அப்ப பயந்துட்டான்" என்றாள். "நீங்க மேல இருக்கீங்கன்னு அவனுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"சரி. வெச்சிடறேன். உங்க வேலையப் பாருங்க."

எண் ஒரு கோடியைத் தாண்டியது. தண்ணீர் இடுப்புக்கு வந்தது. நெட்டையின் இடுப்புக்கு.

பன்னிரண்டு மணிக்குப் பட்டியல் முடிந்தது. மேலாளரும் மீட்புத் தலைவரும் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்கள். வரைபடப் பிரிவுத் தலைவியும் வந்திருந்தார். ஆலைக்கு வந்து பன்னிரண்டு வருடங்கள் ஆனவர். மனிதர்களின் பெயரை மறப்பார், வரைபட எண்களை மறக்க மாட்டார்.

குழாய்ப்பாதை என்று தேடினேன். எதுவும் வரவில்லை.

"அப்படித் தேடினா வராது. நாங்க பேர் வைக்க மாட்டோம்" என்றார் தலைவி. "நாலு, நூத்திப் பதினேழு. போடுங்க."

போட்டேன். அரை நொடியில் வந்தது. ஒரு வருடம் பெட்டியில் கிடந்தது அரை நொடியில் பதில் சொன்னது.

ஏழு கோப்புகள். ஏழு துறைகளில். ஒரே எண். ஒரு துறை எடுத்துத் திருத்தியதை இன்னொரு துறை எடுத்துத் திருத்தியிருந்தது. ஒவ்வொன்றாகத் திறந்தோம். மூடி இருந்தது. மூன்று வரைபடங்களில் கிழக்குச் சுவரோரம். இரண்டில் கூடத்தின் நடுவில். இரண்டில் பம்ப் அறைக்குப் பக்கத்தில்.

"எது கடைசியா வரைஞ்சது?" என்றார் மீட்புத் தலைவர்.

"மூலையில திருத்த எண் இருக்கும்" என்றார் மேலாளர்.

ஏழிலும் பூஜ்யம்.

"அத யாரும் மாத்த மாட்டோம் சார்" என்றார் தலைவி. "மாத்தினா உங்க கையெழுத்து வேணும். ஒரு வாரம் ஆகும். ஃபைல் தேதிய வெச்சுத்தான் பாத்துக்குவோம்."

திரையில் தேதிக்கான பத்தி இருந்தது. ஏழுக்கும் ஒரே தேதி. இரண்டு வருடங்களுக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அதற்கு முன் ஆலைக்கு ஒரே ஒரு பெரிய ஸ்டோரேஜ் பெட்டிதான். அந்தச் சனி, ஞாயிறில் அதைப் பதினான்காகப் பிரித்து நகலெடுத்தேன். நகலெடுக்கும் கட்டளையில், பழைய தேதிகளை அப்படியே வை என்று ஒரு சொல் சேர்க்க வேண்டும். நான் சேர்க்கவில்லை. திங்கட்கிழமை காலை பார்த்தேன். மூன்று கோடி கோப்புகளும் நேற்றுப் பிறந்தவை போல இருந்தன. மறுபடி நகலெடுக்கலாம் என்றால் எல்லோரும் அதற்குள் புதிய பெட்டிகளில் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். தலைவிதான் முதலில் கேட்டார். புது ஸ்டோரேஜ் வெளியே அப்படித்தான் காட்டும், உண்மையான தேதி உள்ளே இருக்கிறது, தேவைப்பட்டால் நான் எடுத்துத் தருகிறேன் என்றேன். யாருக்கும் தேவைப்படவில்லை.

எல்லாவற்றையும் ஒரே திரையில் கொண்டுவந்தால் அந்த ஒரே தேதியும் ஒரே திரையில் வரும். சர்வரை நான் பெட்டியிலிருந்து எடுக்காததற்கு அதுதான் காரணம்.

"வெளிய அப்படித்தான் காட்டும் சார்" என்றார் தலைவி மேலாளரிடம். நான் சொன்ன அதே வார்த்தைகள். பிறகு என் பக்கம் திரும்பினார். "உள்ள இருக்குன்னு சொன்னீங்கல்ல? பாத்துச் சொல்லுங்க."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

கறுப்புத் திரை ஒன்றைத் திறந்தேன். கட்டளை ஒன்றைத் தட்டினேன். அது டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்று கேட்கும் கட்டளை. எண்கள் ஓடின. மூன்று பேரும் எண்களைப் பார்த்தார்கள். ஏழில் பெரிய கோப்பு ஐந்தாவது. கோடுகள் அதில்தான் அதிகம். கடைசியாக வரைந்ததாகத்தான் இருக்கும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். பாதி நம்பினேன்.

"அஞ்சாவது" என்றேன். "கிழக்குச் சுவர்."

மீட்புத் தலைவர் ஓடினார். மேலாளர் என் தோளைத் தட்டினார்.

பன்னிரண்டு நாற்பதுக்கு வெட்டத் தொடங்கினார்கள். என் அறைச் சுவர் அதிர்ந்தது.

தொலைபேசி அடித்தது.

"மச்சான், சத்தம் கேக்குது."

"வந்துட்டாங்கடா. கொஞ்ச நேரம்தான்."

"ஆனா தள்ளிக் கேக்குது."

ரிசீவரை மறு காதுக்கு மாற்றினேன்.

"நல்லாவே தள்ளிக் கேக்குது மச்சான். இவரும் அதான் சொல்றாரு. எங்களுக்கு நேர் மேல இல்ல."

"குழாய் வழியா அப்படித்தான்டா கேக்கும்" என்றேன்.

"அப்படியா?"

"அப்படித்தான்."

"சரி. நீங்க சொன்னா சரி." இருமினான். "இவருக்கு நெஞ்சு வரைக்கும் வந்துடுச்சி. படியில ஏத்தி நிக்க வெச்சிருக்கேன். படி துருப்பிடிச்சி ஆடுது. ஐயா, ஆட்டாதீரு. ஊஞ்சலா இது?"

மீட்புத் தலைவரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். தள்ளிக் கேட்கிறதாம். ஒரே வரி. கூடத்துக்குப் போக நாற்பது அடி. போனால், எத்தனை உறுதியாகத் தெரியும் என்று கேட்பார். நான் உட்கார்ந்திருந்தேன். படிக்கட்டுக்கு அடியில், தார்ப்பாய்க்குள் இருந்த ஒரு பொருளின் ஞாபகம் வந்தது. அந்த ஞாபகம் காலையிலேயே வந்திருந்தது. அப்போதும் தள்ளி வைத்தேன். இப்போதும் தள்ளினேன். ஐந்தாவதுதான் சரி. கோடுகள் அதில்தான் அதிகம்.

ஒன்றே முக்காலுக்குத் தொலைபேசி நின்றது. எடுத்தால் சத்தமே இல்லை. தண்ணீர் அதன் உயரத்துக்கு வந்துவிட்டது.

இரண்டு பத்துக்குக் கிழக்குச் சுவரோரம் துளை விழுந்தது. அடியில் செம்மண். கம்பியை ஆறடி இறக்கிப் பார்த்தார்கள். மண்.

மீட்புத் தலைவர் என் அறைக்கு வந்தார். முகமெல்லாம் சிமென்ட் தூள். பின்னால் மேலாளரும் தலைவியும்.

"உங்களுக்கு எப்படித் தெரியும், அது கடைசின்னு?"

"தெரியாது" என்றேன்.

திரையில் தேதிப் பத்தியைக் காட்டினேன்.

"தேதி எல்லாம் போயிடுச்சி. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நான் நகலெடுக்கும்போது போயிடுச்சி. உள்ள ஒண்ணும் இல்ல. பெரிய ஃபைலா பாத்துச் சொன்னேன்."

தலைவி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "என்கிட்ட..." என்றார்.

மேலாளர் கையை ஓங்கினார். மீட்புத் தலைவர் நடுவில் வந்தார்.

"அப்புறம் அடிங்க. தேதி வேற எங்கயாவது இருக்கா?"

"பழைய ஸ்டோரேஜ் பெட்டி இருக்கு."

"அத கழிவுக்கு அனுப்பியாச்சே" என்றார் மேலாளர்.

"கையெழுத்துதான் போட்டேன். அனுப்பல. படிக்கட்டுக்கு அடியில இருக்கு."

நால்வரும் ஓடினோம். தார்ப்பாயை இழுத்தோம். எலி மூத்திர நாற்றம். இரண்டு பேர் தூக்க வேண்டிய கனம். மேலாளரும் நானும் தூக்கினோம். படியில் அவர் சட்டை கிழிந்தது.

பழைய பெட்டியில் பன்னிரண்டு டிஸ்க்குகள். இரண்டு செத்தாலும் மற்றவை தாங்கும். மூன்று செத்தால் எல்லாம் போச்சு. மின்சாரம் கொடுத்தேன். பச்சை விளக்குகள் வரிசையாக வந்தன. ஒன்பது. மூன்று சிவப்பு.

"என்ன அர்த்தம்?" என்றார் மேலாளர்.

மூன்றாவது சிவப்பை வெளியே இழுத்தேன். காதில் வைத்தேன். சுழலவில்லை. உள்ளங்கையில் தட்டினேன். மறுபடி செருகினேன். சிவப்பு. இழுத்தேன். சட்டைக்குள் வயிற்றோடு வைத்துத் தேய்த்துச் சூடாக்கினேன். செருகினேன். ஒரு முனகல். விளக்கு சிவப்பிலேயே இருந்தது. பிறகு பச்சை.

புதிய சர்வரைப் பழைய பெட்டியின் பக்கம் திருப்பினேன். நாலு, நூத்திப் பதினேழு மட்டும் போதும். ஏழு வரிகள் வந்தன. ஏழு தேதிகள். பதினெட்டு வருடம், பதினேழு, பதினைந்து. கடைசி, பதினோரு வருடத்துக்கு முந்தையது. இரண்டாவது கோப்பு. ஏழில் மிகச் சிறியது. தேவையில்லாத கோடுகளை எல்லாம் யாரோ அழித்துச் சுத்தமாக வரைந்திருந்தார்கள்.

"பம்ப் அறைப் பக்கம்" என்றேன். மீட்புத் தலைவர் நான் முடிப்பதற்குள் போய்விட்டார்.

இரண்டு நாற்பத்தைந்து.

கூடத்துக்குப் போனேன். என்னை யாரும் போகச் சொல்லவில்லை, வரச் சொல்லவும் இல்லை. இயந்திரத்தைப் பம்ப் அறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்கள். கிழக்குச் சுவரோரம் செம்மண் துளை திறந்து கிடந்தது. பாதையிலிருந்து தண்ணீரை உறிஞ்சிய குழாய்கள் தரையில் துடித்தன. உறிஞ்சியது உள்ளே வந்ததற்கு ஈடாகவில்லை. மூன்றரை ஆனது. மூன்று நாற்பது. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் பார்க்காமல் இருந்ததை நான் பார்த்தேன்.

நான்கு இருபதுக்குக் கான்கிரீட் துண்டு பெயர்ந்தது. அடியில் இரும்பு மூடி. மூடியைப் பிளந்தார்கள். அதன் அடியில் ஒரு முழ உயரத்துக்கு மட்டும் காற்று. அந்த ஒரு முழத்தில் நெட்டையின் முகம் மேல்நோக்கி இருந்தது. வாய் திறந்திருந்தது. மூச்சு விட்டான்.

அவன் வலது கை தண்ணீருக்குள் எதையோ பிடித்திருந்தது. நான்கு பேர் சேர்ந்துதான் அந்தப் பிடியை விடுவிக்க முடிந்தது. வெல்டரின் சட்டைக் காலர்.

வெல்டரை இரண்டாவதாக எடுத்தார்கள். மருத்துவர் கீழே உட்கார்ந்தார், எழுந்தார்.

மாலை ஏழு மணிக்கு என்னை வார்டுக்குள் விட்டார்கள். மனைவி அவன் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, என் கையைத் தன் கண்ணில் வைத்துக்கொண்டாள்.

"இவருதான் கண்டுபிடிச்சாருடா. டிஸ்க்க வயித்துல வெச்சி சூடாக்கினாராம்" என்றாள் அவனிடம். அதற்கு முன் நடந்ததை யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. டீ வாங்கப் போனாள்.

கட்டிலுக்கு வெளியே அவன் பாதம் நீட்டிக்கொண்டிருந்தது. அவனுக்குக் கட்டில் எங்கேயும் பத்தாது.

"படி ஒடஞ்சிடுச்சி மச்சான்" என்றான். குரல் கரகரத்தது. "மேல மிச்சமிருந்த படியப் பிடிச்சிக்கிட்டு அவரத் தோள்ல தூக்கி வெச்சிருந்தேன். மூணு மணி வரைக்கும் பேசிட்டுத்தான் இருந்தாரு. கையில வாட்ச் கட்டியிருந்தாரு, இருட்டுல முள்ளு மின்னும். மூணு அஞ்சு, மூணு பத்துன்னு சொல்லிட்டே இருந்தாரு. அப்புறம் சொல்லல."

நான் உட்கார்ந்தேன்.

"மச்சான்."

"சொல்லு."

"தள்ளிக் கேக்குதுன்னு சொன்னேனே."

"ஆமா."

"அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"சொல்லல."

அவன் கூரையைப் பார்த்தபடி காத்திருந்தான். நான் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஆரம்பித்தேன். சேர்க்காத சொல், திங்கட்கிழமை, தலைவியிடம் சொன்ன பொய், பெட்டியிலேயே வைத்த சர்வர், டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்று கேட்ட கட்டளை, ஐந்தாவது. எதையும் விடவில்லை. சொல்லி முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

கிண்டல் ஏதாவது செய்வான் என்று காத்திருந்தேன். அடித்தாலும் பரவாயில்லை.

"வெளிய அந்த அம்மா இருக்காங்களா?" என்றான்.

கதவின் கண்ணாடி வழியே பார்த்தேன். வெல்டரின் மனைவி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் கண்ணாடிக் கூடு. அதை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார்.

"இருக்காங்க."

"உள்ள கூப்பிடுங்க."

நான் எழவில்லை.

"என்கிட்ட சொன்னத அவங்ககிட்டயும் சொல்லுங்க. முதல்லேர்ந்து." கண்ணை மூடிக்கொண்டான். "கூப்பிடுங்க மச்சான்."